மரம் வெட்டும் வேலை: யார் பார்ப்பது, யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் வெட்ட ஆள் தேடுகிறவர்கள், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், குழுவை நடத்துகிறவர்கள் என்று மூன்று தரப்பும் என்னிடம் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து வைத்தேன். வெட்டிய கொப்பை இழுத்துப் போடும் உதவியாளாகத் தொடங்கி, பிறகு ஏறுகிறவனாகி, இப்போது கீழே நின்று "வேண்டாம், இறங்கு" என்று சொல்கிறவனாக இருக்கிறேன். அதனால் பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும்.

மரம் வெட்டுவது கூலி வேலைதானே? இதில் தொழில்முறைப் பொறுப்பு என்று என்ன இருக்கிறது?

முதலில் எடையைப் பாருங்கள். அரை மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் நீளம் உள்ள ஒரு பச்சை மரத்துண்டு. பச்சை மரம் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1000 கிலோ என்று வைத்தால் அந்தத் துண்டு மட்டும் 390 கிலோ வரும். இரண்டு மோட்டார் சைக்கிளைவிட அதிகம். முழு மரத்தில் அப்படி எத்தனை துண்டு இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனையும் எந்தப் பக்கம், எப்போது விழ வேண்டும் என்பதை ரம்பத்தைப் பிடித்திருக்கும் ஒரே ஆள் தீர்மானிக்கிறார். தவறாகப் போட்ட சுவரை இடித்துக் கட்டலாம். பாதி அறுத்த மரத்தை ஒட்டவைக்க முடியாது.

உலகத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) காட்டு வேலைகளின் பாதுகாப்புக்கென்றே 1998-இல் தனி நடைமுறைத் தொகுப்பு வெளியிட்டது. செயின்சா (சங்கிலி ரம்பம்) இயக்குகிறவர், மரம் ஏறுகிறவர் போன்றோருக்குத் தேர்ச்சிச் சான்று வேண்டும் என்பது அதில் உள்ள கருத்துகளில் ஒன்று. அமெரிக்காவில் மரவேலைக்கான பாதுகாப்புத் தரநிலை (இசட்133 என்பார்கள்) பிறந்த கதை இன்னும் அழுத்தமானது. கிளை வெட்டும் வேலையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், குடியரசுத் தலைவர் வரைக்கும் தனியாளாகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அதன் பலனாக 1968-இல் குழு கூடியது. 1972-இல் தரநிலை வந்தது. விதிப் புத்தகத்தைப் பார்த்து "இதெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதியது" என்று யாராவது சிரித்தால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

வந்திருப்பவருக்கு வேலை தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பத்து நிமிடம் அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். வேலை தெரிந்தவர் உங்களோடு பேசும்போதே மேலே பார்ப்பார். மரத்தை ஒரு சுற்று சுற்றி, திரும்ப எதிர்த் திசையில் ஒரு சுற்று வருவார். ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரியும் மரம் இன்னொரு பக்கத்திலிருந்து சாய்ந்து தெரியும் என்பது அவருக்குத் தெரியும். தள்ளி நின்று, கோடாலியின் காம்பை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்குக்குண்டு மாதிரி அடிமரத்தோடு ஒப்பிடுவார். கோடாலியின் பின்பக்கத்தால் தட்டுவார். உறுதியான மரம் கணீரென்று சொல்லும், உள்ளே உளுத்தது தொப்பென்று விழுங்கும். தூர்ப்பக்கம் மண்ணைக் காலால் விலக்கி, வேர் கிளம்பும் இடத்தில் காளான் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

பிறகு உங்களிடம் கேட்பார்: அடியில் தண்ணீர்க் குழாய், கழிவுத்தொட்டி ஏதும் ஓடுகிறதா? கம்பி யாருடையது? இந்த வழியாக யார் நடப்பார்கள்? மரம் யார் எல்லையில் நிற்கிறது, அனுமதி வாங்கியாயிற்றா?

நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "நீங்க நினைச்ச பக்கம் விழலைன்னா என்ன செய்வீங்க?" இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்பவர் வேலைக்காரர். "அதெல்லாம் விழும் சார், நாங்க எத்தனை பார்த்திருக்கோம்" என்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

மரத்தைச் சாய்க்க எங்கெங்கே எப்படி வெட்டுகிறார்கள்? எனக்கு ஏன் அது தெரிய வேண்டும்?

பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கே இது தெரிந்திருந்தால் பாதி விபத்தை வாயால் நிறுத்திவிடலாம். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே ரம்பத்தைத் தூக்க வேண்டாம்.

மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுக்க வேண்டும். அதை வாய் என்போம். ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை. பழைய முறையில் வாய் 45 பாகை திறந்திருக்கும். இப்போது 70 பாகையும் அதற்கு மேலும் திறக்கச் சொல்கிறார்கள். காரணம் எளிது. மரம் சாயச் சாய வாய் மூடிக்கொண்டே வரும். முழுதாக மூடியதும், மரத்தைத் தூரோடு பிடித்து நிற்கும் பிடிப்பு முறிந்துவிடும். வாய் அகலமாக இருந்தால் மரம் தரையை நெருங்கும் வரை பிடிப்பு விடாது. மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாண்டி உள்ளே போய்விட்டால், வெளியே தெரியாமலே பிடிப்பு அறுபட்டிருக்கும்.

வாய்க்கு எதிர்ப்பக்கத்திலிருந்து போடுவது பின்வெட்டு. பழைய வகை வாய் என்றால் வாயின் மூலையைவிட இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் போடுவார்கள். இந்த வெட்டு வாயைத் தொடவே கூடாது. நடுவில் வெட்டாமல் விட்ட பட்டை ஒன்று இருக்கும். அதன் பெயர் கீல், கதவுக் கீலேதான். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன், பத்தில் எட்டுப் பங்கு நீளம். 50 சென்டிமீட்டர் மரத்துக்கு 5 சென்டிமீட்டர் தடிமனும் 40 சென்டிமீட்டர் நீளமும். மொத்த மரத்தையும் திசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ஐந்து சென்டிமீட்டர் நார்தான்.

அவசரக்காரர்கள் செய்யும் தவறும் இங்கேதான். மரம் அசையவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அறுத்துக் கீலையே அறுத்துவிடுவார்கள். கீல் போன மரம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். அசையவில்லை என்றால் ஆப்பு அடிக்க வேண்டும். ரம்பத்தின் பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) உள்ளே போனதும், ஆப்பு நுழைய இடம் கிடைத்த உடனே அதைச் செருகிவிட வேண்டும். மரம் பின்னால் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்விய பிறகு ஆப்பைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

அடிமரம் நடுவில் பிளந்து பின்னால் உதைத்தது என்று கேள்விப்பட்டேன். அது எப்படி?

விழும் பக்கம் ஏற்கெனவே நன்றாகச் சாய்ந்த மரத்தில் இது நடக்கும். வாய் ஆழம் போதாமல், பின்வெட்டு மெதுவாகப் போனால், பாதி அறுபட்டதுமே மரம் சாயத் தொடங்கும். கீல் வளைய நேரமில்லை. அடிமரம் நார் ஓடும் வழியாக மேல்நோக்கிப் பிளக்கும். பிளந்த பின்பாதி வெட்டுகிறவரின் நெஞ்சுயரத்தில் பின்னால் எகிறும், பிறகு அந்த உயரத்திலிருந்து தரைக்கு வரும். விலகிக்கொள்ள நேரம் கிடைப்பதே இல்லை.

இதற்கு மாற்று வழி உண்டு. ரம்பத்தைப் பக்கவாட்டிலிருந்து ஊடுருவச் செய்து முதலில் கீலை அமைத்து, பின்பக்கம் ஒரு பட்டையை விட்டுவைத்து, எல்லோரும் விலகியதும் அந்தப் பட்டையை மட்டும் அறுத்து விடுவது. கற்றுத்தேர்ந்தவர் செய்ய வேண்டிய வெட்டு இது. உங்கள் குழுவில் அது தெரிந்தவர் இல்லை என்றால், முன்சாய்வு அதிகமுள்ள மரத்தை எடுக்க வேண்டாம். வேலையை மறுப்பது வெட்கம் இல்லை.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்?

மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதி பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு குழுக்களுக்கு இடையிலும் இதே கணக்கைச் சொல்கிறது. ஒரு மடங்கு ஏன் போதாது? விழும் மரம் இன்னொரு மரத்தின் கொப்பைப் பிடுங்கி எறியும். தரையில் மோதிய காய்ந்த உச்சி துண்டு துண்டாகப் பறக்கும்.

உயரத்தை அளக்க ஒரு குச்சி போதும். உங்கள் கை நீளம் இருக்கும் குச்சியை நீட்டிய கையில் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் அடி தூரிலும் நுனி உச்சியிலும் பொருந்தும் வரை பின்னால் நடங்கள். நின்ற இடத்திலிருந்து மரம் எவ்வளவு தூரமோ ஏறத்தாழ அதுதான் உயரம். பலரும் கண்ணால் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

வெட்டுகிறவருக்கு வேறு கணக்கு. விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது, பக்கவாட்டிலும் ஓடக்கூடாது. பின்னால் 45 பாகை கோணத்தில், இடமும் வலமுமாக இரண்டு வழியை ரம்பத்தை ஓட்டும் முன்பே மிலாறும் கல்லும் இல்லாமல் துப்புரவாக்கி வைத்திருக்க வேண்டும். மரம் அசைந்ததும் அந்த வழியில் போய்விட வேண்டும். விழுவதை நின்று ரசிக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது.

கயிறு கட்டி ஆள் விட்டு இழுத்தால் நினைத்த பக்கம் வராதா?

வரும், ஆனால் ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி மரத்துக்கு நேர் எதிரே வரிசையாக நின்று இழுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மரம் யாரை நோக்கி வரப்போகிறதோ அவர்களே வரிசையில் நிற்கிறார்கள்! தூரத்தில் உறுதியான இன்னொரு மரத்தின் அடியில் கப்பியைக் கட்டி, கயிற்றின் திசையைத் திருப்பி, விழும் பாதைக்கு வெளியே நின்று இழுக்க வேண்டும். இறுகிய கயிறு அறுந்தால் சாட்டையாக அடிக்கும். அதனால் அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

வண்டியில் கட்டி இழுப்பது இன்னும் மோசம். ஓட்டுநருக்குக் கீலின் நிலை தெரியாது. அவர் ஒரு மிதி கூடுதலாக மிதித்தால், மேலே சொன்ன பிளப்பு நடக்கும். கயிறு திசையைக் காட்ட மட்டும்தான். மோசமான வெட்டைக் கயிறு சரிசெய்யாது.

சாய்த்த மரம் பக்கத்து மரத்தில் சிக்கிக்கொண்டது. என்ன செய்வது?

முதலில் அதன் அடியில் யாரும் போகாமல் தடுப்புக் கட்டுங்கள். அதன்மேல் ஏறக்கூடாது. தாங்கி நிற்கும் மரத்தை வெட்டக்கூடாது. மூன்றாவது மரத்தை அதன்மேல் சாய்த்துத் தள்ளிவிடலாம் என்ற யோசனையே கூடாது. தூரைத் துண்டு துண்டாக அறுத்து இறக்குவதும் அதே வகைதான். தூரத்திலிருந்து வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு அடிப்பக்கத்தைப் பின்னுக்கு இழுப்பதே வழி. அதற்கு வசதியில்லை என்றால் தடுப்பைக் கட்டி, ஆள் நிறுத்தி, மறுநாள் வசதியோடு வாருங்கள். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால்?

மரம், கொப்பு, கயிறு, ஏணி, ஆள் எதுவாக இருந்தாலும் கம்பியை நெருங்கக் கூடாது. தனிப்பயிற்சி இல்லாதவர்களுக்கு அமெரிக்க விதி சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி 50 கிலோவோல்ட் வரை 10 அடி, அதாவது மூன்று மீட்டர். உங்கள் இடத்தில் மின்விநியோகம் செய்பவர் சொல்லும் தூரம் எதுவோ அதுதான் உங்களுக்குச் சட்டம். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும், நனைந்த கயிறும் கடத்தும்.

கம்பியின் சொந்தக்காரர் வந்து மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியை நிலத்தோடு இணைத்து, நீங்கள் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை. "போன் பண்ணிச் சொல்லிட்டேன், ஆஃப் பண்ணிட்டாங்க" என்பது போதாது. லைன் ஆஃப் ஆனாலும் எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் தவறான இணைப்பு வழியாகக் கம்பிக்குத் திரும்ப மின்சாரம் ஏற்றலாம். நிலத்தோடு இணைக்கச் சொல்வது அதற்காகத்தான். கொப்பு ஏற்கெனவே கம்பியில் விழுந்துவிட்டால் கிட்டே போகாதீர்கள். அருகில் மாட்டிக்கொண்டவர் பாதத்தைத் தூக்காமல், இரண்டு காலையும் ஒட்டி வைத்துத் தேய்த்தபடி நகர்ந்து விலக வேண்டும்.

செயின்சாவுக்குத் தனி உடுப்பு அவசியமா? வெயிலில் போட முடியவில்லையே?

சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். அதற்கு முன்னால் ஒரு லுங்கியோ ஜீன்ஸோ எதுவும் இல்லை. பாதுகாப்புக் கால்சட்டை இரும்புக் கவசம் போலத் தடுப்பதில்லை. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் நீண்ட இழைகள் சங்கிலியோடு வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றி ரம்பத்தையே நிறுத்திவிடும். ஒருமுறை வெட்டுப்பட்டால் அந்த உடுப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தைத்துப் போட்டால் பயனில்லை. வெயில் கொடுமைதான், மறுக்கவில்லை. அதற்கு வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், உடுப்பைக் கழற்றாதீர்கள்.

ரம்பம் உதைப்பது பாரின் நுனியில், அதிலும் மேற்பக்கக் கால்வட்டத்தில் ஏதாவது படும்போது. ரம்பம் உங்கள் முகத்தை நோக்கி வளைந்து வரும். கை யோசித்துச் செயல்படுவதற்குள் அது வந்து முடிந்திருக்கும். அதனால்தான் சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் இருக்கிறது. காலையில் முதல் வேலையாக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரம்பத்தைக் கையில் தூக்கி ஆட்டி ஸ்டார்ட் செய்வதைக் கைவிடுங்கள். தரையில் வைத்து, பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள்.

காது, விரல் இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்பில்லாமல் நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கக்கூடிய அளவு 85 டெசிபல். அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையோஷ் கணக்குப்படி 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். செயின்சா அதைத் தாண்டும். அதிர்வு ஆண்டுக்கணக்கில் விரல் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்து, குளிரில் விரலை வெளுக்க வைக்கும். என் வலது சுட்டுவிரலுக்குச் சட்டைப் பொத்தான் போட இப்போது கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

மேலே ஏறி வெட்டும்போது?

ரம்பம் ஓடும் நேரத்தில் ஆள் இரண்டு தனித்தனிப் பிடிப்பில் இருக்க வேண்டும். ஒன்றை அவரே தவறி அறுத்தாலும் இன்னொன்று தாங்கும். இதைவிட அதிகம் மறக்கப்படுவது கீழே நிற்கும் ஆள். மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால், ஏறி அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே, தன் சேணமும் (உடலில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டி) கயிறும் தயாராக, இருக்க வேண்டும். சேணத்தில் அசையாமல் தொங்குவதே சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகும். தீயணைப்பு வண்டி வரும் வரை காத்திருக்கக் கூடாது. பிரிட்டனில் ஏறும் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அந்த ஆறு மாதத்தை நீங்களாகவே வைத்துக்கொள்ளலாம்.

தென்னை, பனை வகைக்கு இன்னொரு வார்த்தை. வெளியே இரும்பு, உள்ளே பஞ்சு. சாதாரண மரத்தின் கீல் போல அதன் கீல் நம்பிக்கையாக வளையாது. பல ஆண்டாகக் கழிக்காத பனை வகைகளில் காய்ந்த ஓலை பாவாடை மாதிரி தொங்கும். அதன் அடியில் புகுந்து வெட்டினால் மொத்தமும் சரிந்து ஆளை மரத்தோடு அழுத்தும். மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. மேலிருந்து கீழாகக் கழித்து வரவேண்டும்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு? வெட்டச் சொன்னவரா, ஒப்பந்தக்காரரா, வெட்டியவரா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் விசாரணையில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதைத் தீர்மானித்தது யார், அவருக்கு என்ன தெரிந்திருந்தது? வீட்டுக்காரருக்கு அடியில் கழிவுத்தொட்டி இருப்பது தெரியும், சொல்லவில்லை. அது அவர் பங்கு. ஒப்பந்தக்காரர் மூன்று பேர் வேலைக்கு இரண்டு பேரை அனுப்பினார். அது அவர் பங்கு. வெட்டியவர் தட்டிப் பார்க்காமல் அறுத்தார். ஒருவர் பங்கைச் சொல்வதால் இன்னொருவர் பங்கு கரையாது. "விபத்து ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் அதைக் காட்டிப் பார்க்கட்டும்.

ஐஎல்ஓவின் 155-ஆம் உடன்படிக்கை 1981-இல் வந்தது. 2022-இல் அது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதில் மூன்று பிரிவு நமக்கு நேராகப் பொருந்தும். ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் பாதுகாப்பில் ஒத்துழைக்க வேண்டும் என்பது 17-ஆம் பிரிவு. பாதுகாப்பு ஏற்பாட்டுக்கான செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்பது 21-ஆம் பிரிவு. ஹெல்மெட் காசைக் கூலியில் பிடிக்கிறவர்கள் இதை வாசிக்கலாம். 13-ஆம் பிரிவை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

களத்தில் இதையெல்லாம்விட உதவுவது ஒரு பழக்கம்தான். ரம்பம் ஓடும் முன் "இன்னைக்கு முடிவு யாருடையது?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவது. ஆளுக்கு ஆள் நாட்டாமை செய்யும் களத்தில்தான் நான் அதிகம் ரத்தம் பார்த்திருக்கிறேன்.

சின்னப் பையன், புதிதாக வந்தவன், "நிறுத்து" என்று சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். உயிருக்கு உடனடியாகக் கடும் ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து ஒருவர் வேலையிலிருந்து விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் அந்த 13-ஆம் பிரிவு. செயல்படுத்துவது எப்படி? இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்காது. இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் எல்லோரும் நிறுத்த வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம். எங்கள் குழுவில் அப்படித்தான். பத்தில் எட்டு முறை அது வீண் நிறுத்தமாக இருக்கும். அந்த எட்டு முறையும் அவனைக் கேலி செய்தால் ஒன்பதாவது முறை கை உயராது.

யாருக்கும் அடிபடவில்லை. அதையும் எழுதி வைக்க வேண்டுமா?

என் தவறைச் சொல்கிறேன். பல ஆண்டுக்கு முன் ஒரு பெரிய மரம். ஒரு பக்கம் மட்டும் தட்டினேன், நல்ல சத்தம். மறுபக்கம் புதர் மண்டியிருந்தது, சுற்றிப் போகச் சோம்பல். சாய்க்கும்போது கீலின் ஒரு முனை நொறுங்கியது. உள்ளே உளுத்திருந்த பக்கம் அது. மரம் திரும்பி, எங்கள் பையும் தண்ணீர்க் கேனும் இருந்த இடத்தில் விழுந்தது. கேன் தகடாகிவிட்டது. இரண்டு நிமிடம் முன்பு உதவிப் பையன் அங்கே குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தோம். பயத்தில் வந்த சிரிப்பு. யாரும் எதுவும் எழுதவில்லை. சில மாதம் கழித்து, குழுவில் இன்னொருவர் அதே வகை மரத்தில் அதே தவறைச் செய்து தோள்பட்டையை முறித்துக்கொண்டார். அவரிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் இப்போது எழுதுகிறோம். மரம், தேதி, என்ன நினைத்தோம், என்ன நடந்தது. நான்கு வரி. "யார் தப்பு" என்ற பத்தி அந்த நோட்டில் கிடையாது. அது இருந்தால் யாரும் எழுத மாட்டார்கள்.

வேலைக்கு முன் தாளில் என்ன இருக்க வேண்டும்?

எந்த மரம் (பட்டையில் குறி போட்டு), எந்தப் பக்கம் சாய்க்கிறோம், முடிவெடுப்பவர் யார், ஏறி மீட்பவர் யார், வேலை நடக்கும் இடத்தின் முகவரி, மருத்துவமனைக்கு வண்டி எந்த வழியாக வரும். முகவரி எழுதச் சொல்வது சிரிப்பாகத் தெரியலாம். அடிபட்ட ஒருவரின் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு "இது எந்த இடம்?" என்று பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். காப்பீட்டுத் தாளையும் பார்த்துவிடுங்கள். தேதி முடிந்ததா என்பதோடு, அதில் தோட்ட வேலை மட்டும் இருக்கிறதா, மரம் வெட்டுவதும் உயரத்தில் செய்யும் வேலையும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலுதவிப் பெட்டியில் என்ன?

பெரிய அழுத்தக் கட்டும், ரத்தத்தை நிறுத்தும் டூர்னிக்கேயும். அதை வண்டியில் பூட்டி வைக்காமல் வெட்டுகிறவர் இடுப்பிலேயே வைக்கவும். கட்டிய நேரத்தை எழுதுங்கள். தனியாக யாரும் செயின்சா ஓட்டக்கூடாது.

இந்த மரம் ஆபத்து, வெட்டியே ஆக வேண்டும் என்கிறார் வெட்டுகிறவர். நம்பலாமா?

வெட்டினால்தான் அவருக்குக் கூலி. அதை மனதில் வைத்து, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். தூரில் காளான், கவையில் விரிசல், ஒரு பக்கம் கிளம்பிய வேர்மண் என்று விரலால் தொட்டுக் காட்டினால் நம்பலாம். "பெரிசா இருக்கு, காத்தடிச்சா விழுந்துடும்" என்றால் இன்னொருவரைக் கேளுங்கள். உச்சியை மொட்டையாக வெட்டிவிட்டால் போதும் என்பதும் நல்ல யோசனை அல்ல. வெட்டிய இடம் அழுகும், அங்கிருந்து கிளம்பும் புதுக்கொப்புகள் பிடிப்பில்லாமல் பின்னாளில் ஒடியும். உண்மையிலேயே ஆபத்தான மரத்தை "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் இதே அளவு தவறுதான். நீங்கள் வெட்டுகிறவர் என்றால், அதை வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

விழுந்த பிறகு தூரைப் பார்த்து என்ன தெரியும்?

எல்லாம் தெரியும். கீல் இரண்டு முனையிலும் ஒரே தடிமனா, ஒரு பக்கம் ஆப்பு போலக் குறுகியதா? வாயின் இரண்டு வெட்டும் சரியாகச் சந்தித்தனவா? பின்வெட்டு எந்த உயரம்? நார் இழுபட்டு நீண்டு நின்றால் கீல் கடைசி வரை வேலை செய்திருக்கிறது. மழமழவென்று அறுபட்டிருந்தால் யாரோ கீலையே அறுத்திருக்கிறார். அடிபட்ட இடத்தில் தூரையும் ரம்பத்தையும் யாரும் தொடாமல், படம் எடுத்து வைக்கச் சொல்வது அதனால்தான்.

எங்களிடம் புதிதாகச் சேருகிறவர், முதல் ஐம்பது மரத்துக்கும் விழுந்த உடனே அளவுநாடாவை எடுத்துக் கீலை இரண்டு முனையிலும் அளந்து சொல்ல வேண்டும். பிறகு தூரின் முகத்தில் சாக்பீஸால் தேதியும் தன் பெயரும் எழுத வேண்டும். ஒருவன் கேட்டான், "மழை பெஞ்சா அழிஞ்சிடுமே, எதுக்குண்ணே?" அவனே மூன்றாவது மரத்தில், பின்வெட்டுப் போடும் முன்னால் ரம்பத்தை நிறுத்திவிட்டு, குனிந்து நாடாவை இழுத்தான்.